எங்கட பரம்பரையை எங்கே தேடுவது? பழைய விலாசம், காவின் பதிவு, கப்று

இலங்கைச் சோனகரின் பூர்வீகம் பற்றி நாங்கள் நூறு வருடத்துக்கு மேலாக விவாதித்து வருகிறோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பும் இன்றும் எங்கள் ஆய்வரங்குகளில் எடுத்துப் பேசப்படுகின்றன. அறபு நாட்டிலிருந்து வந்தோமா, காயல்பட்டினத்திலிருந்து வந்தோமா என்று மேடையில் பேசுகிற ஒருவரிடம், "உங்கட உம்மாட உம்மாக்கு உம்மா ஆரு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. "பேர் தெரியா, பேருவளைப் பக்கமாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சமூகத்தின் பூர்வீகத்துக்கு வாதம் இருக்கிறது. வீட்டின் பூர்வீகத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை.

ஒரு சாதாரணக் குடும்பம் தன்னுடைய நாலைந்து தலைமுறையைக் கண்டுபிடிப்பதற்கு இலங்கையில் என்ன வழிகள் உண்டு, கிடைப்பதை எப்படி வாசிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய விலாசம், காவின் பதிவு, கப்று ஆகிய மூன்றும் தனித்தனியே அரைகுறையாகத்தான் பேசும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகும். எங்கள் கடதாசிகள் வாப்பாவின் பெயரைத் தூக்கிக்கொண்டு போகின்றன. எங்கள் வீடுகளோ உம்மாவின் வழியே போகின்றன. பெண்களின் பெயரைத் தேடாதவருக்குக் குடும்பம் அகப்படாது.

பெயரில் தொடங்குகிற சிக்கல்

எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் வாப்பாவின் பெயரிலிருந்து வருபவை. மீராலெவ்வை என்பவரின் மகன் எம்.எல். ஆதம்பாவா என்று வைத்துக்கொள்வோம். ஆதம்பாவாவின் மகன் ஏ.பி. இப்றாஹீம் ஆவார், அவருடைய மகன் ஐ. அன்சார் ஆவார். மூன்று தலைமுறைக்குள் மூன்று முன்னெழுத்து. வெளிநாட்டவர் செய்வதுபோல ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம் என்று நினைத்தால் முதற்படியிலேயே கால் தடுக்கும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். லெப்பை, லெவ்வை, லெப்பே எல்லாம் ஒன்றுதான். மரைக்கார், மரைக்காயர், மரிக்கார் என்பதும் அப்படியே. பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். அவர் ஆங்கிலத்தில் எழுதினாரா, சிங்களத்திலா, தமிழிலா என்பதைப் பொறுத்து அதே மனிதர் மூன்று மனிதராகிவிடுவார். கண்டி நாட்டுப் பகுதிகளில் சிங்கள வாசகமப் பெயர் தாங்கிய முஸ்லிம் குடும்பங்கள் உண்டு; அவர்களுக்கு அந்த வாசகமயே நல்லதொரு கைப்பிடி. மலாய்க் குடும்பங்களில் 'துவான்' என்ற முன்னொட்டு வரும். 1873இல் கலைக்கப்பட்ட இலங்கை ரைபிள் படையில் மூதாதையர் ஒருவர் சேவை செய்திருந்தால் படைப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். மேமன், போறாக் குடும்பங்களின் தேடல் குஜராத்துக்குப் போகும்.

பெண்களின் பெயர் இன்னும் வழுக்கும். வீட்டில் பாத்தும்மா, பதிவில் பாத்திமா உம்மா, உறுதியில் பாத்திமா நாச்சியா. உம்மா, பீவி, நாச்சியா என்ற ஒட்டுகள் வரும், போகும். எனவே ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ட எல்லா வடிவங்களையும் கண்டபடியே எழுதுங்கள். "சரியான" எழுத்துக்கூட்டலுக்கு மாற்றி எழுதினால் பிறகு பதிவேட்டில் தேட முடியாமல் போகும்.

அலுவலகம் போவதற்கு முன்னர் வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் கேட்பதே முதல் வேலை. ஆண்களிடம் கேட்டால் கடையும் காணியும் வரும். பெண்களிடம் கேட்டால்தான் ஆர் ஆரை முடிச்ச, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளைக்கு மூத்தது, எந்தப் பிள்ளை சின்னதிலயே மௌத்தாப் போன என்பதெல்லாம் வரும். "எத்தினையாம் ஆண்டு?" என்று கேட்காதீர்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள், அது 1942 ஏப்ரல். கிழக்கில் 1957 டிசம்பர் வெள்ளமும் 1978 நவம்பர் சூறாவளியும் அழியாத அடையாளங்கள். "சூறாவளிக்குள்ள உங்கட பெரியம்மா மடியில பிள்ளையோட இருந்த" என்ற ஒரு வசனம் பிறப்புப் பதிவு ஒன்றைத் தேடுவதற்குப் போதும்.

விலாசம் என்பது பெண்ணின் தடம்

கிழக்கு முஸ்லிம்களிடம் தாய்வழிக் குடிமுறை இருப்பதை எல்லோரும் அறிவோம். அக்கரைப்பற்றை மையமாக வைத்து மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே நீண்டகாலம் ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான். பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். கொழும்பிலும் தெற்கிலும் குடிமுறை இல்லாவிட்டாலும், மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருக்கும் வழக்கம் பரவலாக இருந்தது.

இதனால் விலாசத்தை வாசிக்கும் முறை மாறுகிறது. ஒரு வளவில் நாலு வீடு இருந்து, நாலு வீட்டிலும் வெவ்வேறு முன்னெழுத்துள்ள ஆண்கள் குடியிருந்தால் அவர்கள் அந்நியர் என்று முடிவுகட்டக் கூடாது. அவர்களுடைய மனைவிமார் சகோதரிகளாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. மூத்த வாப்பாவின் விலாசம் திடீரென்று வேறோர் ஊருக்கு மாறியிருந்தால் அவர் தொழில் தேடிப் போனார் என்று எண்ணுமுன், அந்த ஆண்டு அவருடைய கல்யாண ஆண்டா என்று பாருங்கள்.

பழைய விலாசங்கள் எங்கே கிடைக்கும்? வீட்டு அலுமாரியில்தான் முதலில். தபால் உறை, கூப்பன் அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிப் புத்தகம், ஹஜ்ஜுக்குப் போன கடவுச்சீட்டு, சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றிலும் விலாசம் உண்டு. கொழும்பில் வீதிப் பெயர்கள் மாறியிருப்பதை மறக்கக் கூடாது. டரட் ரோட் இன்று தர்மபால மாவத்தை. நொரிஸ் ரோட் ஒல்கொட் மாவத்தை. மெசெஞ்சர் தெரு எம்.ஜே.எம். லாபிர் மாவத்தை. வீட்டு இலக்கங்களும் மாறியுள்ளன. பழைய உறுதிகளில் "முன்னைய இலக்கம் இது, தற்போதைய இலக்கம் இது" என்று எழுதியிருக்கும் வரி ஒன்று பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

உறுதிகள் பெரிய சுரங்கம். காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அன்றிலிருந்து எழுதப்பட்ட உறுதிகளில் நாலு எல்லையையும் வாசியுங்கள். "வடக்கே இன்னாரின் மகள் இன்னாரின் வளவு" என்று வரும். எல்லைக்காரர் பலசமயம் இரத்த உறவு. சீதன உறுதி, நன்கொடை உறுதி என்றால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவே எழுதியிருக்கும். "தாய்வழி முதுசமாக வந்த" என்ற சொற்றொடரைக் கண்டால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டீர்கள்.

இதைவிடப் பெரிய புதையல் நீதிமன்றக் கோப்புகளில் உண்டு. பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறவர் தன் உரிமை எப்படி வந்தது என்பதை வம்சாவழியோடு காட்ட வேண்டும். மூல உரித்தாளர் தொடங்கி பேரப்பிள்ளைகள் வரை அதில் அடங்கும். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மரண சாசனம் எழுதாமல் மௌத்தானவரின் சொத்து அவருடைய மத்ஹபின் சட்டப்படி பிரியும். மகளுக்கும் மனைவிக்கும் உம்மாவுக்கும் பங்குண்டு. ஆகவே அவர்களின் பெயரை எழுதாமல் கணக்கு முடியாது. பள்ளிவாசல் புத்தகத்திலும் கடைப் பலகையிலும் இல்லாத பெண்கள் பராயிழ் கணக்கில் இருப்பார்கள். குடும்பத்தில் "அந்தக் காலத்து வளவு வழக்கு" ஒன்று இருந்ததாகப் பேச்சு அடிபட்டால் அந்த வழக்கிலக்கத்தைத் தேடுங்கள். சண்டை முடிந்துவிட்டது, சண்டைக்காக எழுதிய வம்சாவழி மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, வாக்காளர் இடாப்பு. 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது, பெண்களுக்கும் வாக்கு. இடாப்பு வீடு வீடாக எழுதப்படுவது. ஒரே இலக்கத்தின் கீழ் ஆணும் பெண்ணுமாகப் பெயர்கள் வரிசையாக வரும். பழைய இடாப்பு ஒன்று கிடைத்தால் உங்கள் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அந்த ஒழுங்கை முழுவதையும் பிரதி எடுங்கள்.

காவின் பதிவு சொல்வதும் சொல்லாததும்

முஸ்லிம் விவாகங்களைப் பதிவதற்கு 1886ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. பின் 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்பின் இன்றும் நடைமுறையிலுள்ள 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். பதிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பதியாத காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாது என்று ஆவதில்லை. எனவே பதிவு கிடைக்கவில்லை என்பது கல்யாணம் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியல்ல. பழைய காலத்தில் லெப்பை காவின் எழுதி, பள்ளிவாசல் கொப்பியில் ஒரு வரி போட்டதோடு சரி. அந்தக் கொப்பிகள் சில பள்ளிவாசல்களில் இன்றும் இருக்கின்றன. சில இடங்களில் முன்னாள் கத்தீபின் பேரப்பிள்ளைகளின் வீட்டில் கிடக்கின்றன. பழையவை அறபுத் தமிழில் இருக்கலாம். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதால் இது அவசர வேலை.

பதிவு கிடைத்தால் மாப்பிள்ளை, பெண் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. வலீ யார் என்பதைப் பாருங்கள். அதுதான் காவின் பதிவின் உயிர். ஷாபிஈ மத்ஹபில் வலீமாருக்கு வரிசை உண்டு. முதலில் வாப்பா, அவர் இல்லாவிட்டால் வாப்பாவின் வாப்பா, பிறகு கூடப்பிறந்த சகோதரன், பிறகு வாப்பா வழிச் சகோதரன், பிறகு சகோதரனின் மகன், அதன்பின் வாப்பாவின் சகோதரன். ஆகவே 1938இல் எழுதிய ஒரு காவினில் வலீயாகப் பெண்ணின் சகோதரன் நின்றிருந்தால், அவளுடைய வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் பெரும்பாலும் அதற்கு முன்னரே மௌத்தாகிவிட்டார்கள். இறப்புப் பதிவை 1938க்குக் கீழே தேடலாம். சாச்சா முறையானவர் வலீ என்றால் பருவமடைந்த ஆண் சகோதரன் அப்போது இருக்கவில்லை என்று ஊகிக்கலாம். காதி வலீயாக இருந்தால் வலீயாக நிற்கக்கூடிய உறவினர் எவரும் இல்லை, அல்லது அவர் தூர தேசத்தில், அல்லது சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கதைக்கான வாசல்.

சாட்சிகளின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி பெரும்பாலும் மாமா அல்லது மச்சான். மஹர், கைக்கூலித் தொகைகள் அந்தக் குடும்பத்தின் அன்றைய நிலையைச் சொல்லும்.

இந்தப் பதிவு சொல்லாத ஒன்று உண்டு. மாப்பிள்ளை கையெழுத்திடுவார், வலீ கையெழுத்திடுவார், காவின் முடித்து வைத்தவர் கையெழுத்திடுவார். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் படிவத்தில் மணப்பெண்ணின் கையெழுத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. யாருடைய கல்யாணமோ அவளுடைய கையெழுத்து அங்கே இல்லை. பெண்ணின் உம்மாவின் பெயரும் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் காவின் பதிவை மட்டும் வைத்து மரம் வரைந்தால் அது முழுக்க ஆண்களின் மரமாகவே வரும்.

அந்த இடைவெளியை நிரப்புவதற்குப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. இலங்கையில் பொதுவான பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உம்மாவின் முழுப்பெயர் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையை வாப்பா, பாட்டன் வழியாக நிறுவச் சொன்னதால், பிற்காலப் படிவங்களில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு வந்தது. அரசியல் காரணத்துக்காகக் கேட்ட கேள்வி இன்று எங்களுக்கு ஒரு தலைமுறையைத் தந்துவிடுகிறது. இறப்புப் பத்திரத்தில் மௌத்தானவரின் வாப்பா பெயரும் உம்மா பெயரும் இருக்கும். அடக்கிய இடமும் எழுதியிருக்கும். 1920இல் அறுபது வயதில் மௌத்தானவரின் உம்மா என்றால் அவர் 1840ஆம் ஆண்டுகளிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர். பதிவு தொடங்குவதற்கு முன் பிறந்த ஒரு பெண்ணின் பெயர் மகனின் இறப்புப் பத்திரத்தில் கிடைப்பது இப்படித்தான். பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். உள்ளூர்ப் புத்தகம் அழிந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய பதிவறையில் விசாரிக்க வேண்டும். மற்றப் பிரதி அங்கே போயிருக்கும். பதிவிலக்கம் தெரியாவிட்டால் ஆண்டை உத்தேசமாகக் கொடுத்துத் தேடச் சொல்லலாம். சூறாவளிக் கணக்கும் ஜப்பான் குண்டுக் கணக்கும் கைகொடுப்பது அங்கேதான்.

அதற்கும் முன்னர் போக விரும்புகிறவருக்கு ஒல்லாந்தர் காலத் தோம்புகள் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் குடும்பத்தை எழுதிய தலைத் தோம்பும், நிலத்தை எழுதிய காணித் தோம்பும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒல்லாந்த மொழி, வாசிக்க உதவி தேவை. இடையிலுள்ள தலைமுறைகள் உறுதியாகாமல் நேரே தோம்புக்குப் பாய்வது பயன் தராது.

மையவாடியில் கேட்க வேண்டியவை

எங்கள் கப்றுகளில் பெரும்பாலானவற்றில் எழுத்து கிடையாது. ஒரு மீஸான் கட்டை, அல்லது ஒரு கல், அல்லது ஒரு பூமரம். பல மையவாடிகளில் இடநெருக்கடியால் பழைய கப்று இருந்த இடத்திலேயே புதிய கப்று தோண்டப்படுகிறது. அதனால் கல்லை வாசிக்கப் போகாமல் ஆளைக் கேட்கப் போக வேண்டும். கப்று வெட்டுபவருக்கும் பள்ளி மோதினாருக்கும் எந்த மூலை எந்தக் குடும்பத்துக்குரியது என்று தெரியும். மீஸான் நடும் வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபடுவதால் அந்தந்த ஊர் வழக்கத்தை அவர்களிடமே விசாரியுங்கள். "எங்கட மூத்தவாப்பாட கப்றுக்குப் பக்கத்துல ஆர் அடங்கியிருக்காங்க?" என்ற கேள்வி, அவருடைய கப்று எங்கே என்ற கேள்வியைவிடப் பெறுமதியானது.

எந்த ஊர் மையவாடி? இங்கும் விலாசத்தில் கண்ட பாடம்தான். பெண் வீட்டில் குடியிருந்தவர் பெரும்பாலும் அந்த மஹல்லாவிலேயே அடக்கப்பட்டிருப்பார். வாப்பாவின் வாப்பாவுடைய கப்றைத் தேடி அவர் பிறந்த ஊருக்குப் போகுமுன், அவர் பெண்ணெடுத்த ஊரில் தேடுங்கள்.

எழுத்துள்ள கல் கிடைத்தால் ஆண்டு ஹிஜ்ரியில் இருக்கலாம். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். 1325 என்று கல்லில் இருந்தால் அது 1907ஆம் ஆண்டுப் பகுதி. ஓர் ஆண்டு முன்பின்னாகலாம். வயதிலும் கவனம் வேண்டும்: 33 ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 32 சூரிய வருடம். கல்லில் 66 வயது என்றிருப்பவர் இறப்புப் பத்திரத்தில் 64 என்றிருந்தால் இரண்டும் சரியாக இருக்கக்கூடும். கல்லை இரும்புத் தூரிகையால் தேய்க்கவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து தானாகத் தெரியும்.

எங்கள் தலைமுறையே எழுதிவைக்க வேண்டிய ஒரு விடயமும் இங்கே உண்டு. 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றோடு மௌத்தானவர்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. அவர்களுக்குக் கப்றே இல்லை. 2021 மார்ச் முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டார்கள். காலியிலோ மாவனல்லையிலோ பிறந்து வாழ்ந்த ஒருவரை அறுபது வருடம் கழித்து அவருடைய கொள்ளுப்பேத்தி தேடினால், ஊர் மையவாடியில்தான் தேடுவாள்; காணமாட்டாள். கப்று எங்கே, அதன் இலக்கம் என்ன, ஏன் அங்கே என்பதையும், கப்று இல்லாதவர்களுக்கு ஏன் இல்லை என்பதையும் அந்தந்தக் குடும்பம் இன்றே எழுதிவைக்க வேண்டும். இதை எழுதுவதற்கு நாளை வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊரையே இழந்தவர்கள்

இதுவரை சொன்ன வழிகள் எல்லாம் ஊர் ஊராக இருப்பவர்களுக்குச் சுலபம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களுக்கு அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம். அலுமாரியிலிருந்த உறுதியும் காவின் கடதாசியும் அங்கேயே நின்றன. சோனகதெரு, எருக்கலம்பிட்டி, முசலி, தண்ணீரூற்று என்ற பெயர்களோடு புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த விலாசம் ஒரு வீடாக இல்லை, வெறும் சொல்லாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடற்கோளில் கிழக்குக் கரையோரத்தில் வீட்டோடு கடதாசியும் போன குடும்பங்களின் நிலையும் இதற்குக் கிட்டத்தான். காணியை மீட்பதற்கும் இவை தேவைப்படுகின்றன என்பதால் இது வெறும் ஆசைக்கான தேடலும் அல்ல.

இவர்களுக்கு மூன்று வழிகள் பயன்படும். முதலாவது, புத்தளத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலேயே வாப்பாவும் உம்மாவும் பிறந்த இடம் இருக்கிறது. அதைப் பிடித்து மத்திய பதிவறையில் மேலே போகலாம். இரண்டாவது, பாடசாலைச் சேர்விடாப்பும், ஊரைவிட்டு வெளியே தங்கிய சொந்தங்களின் கைகளிலுள்ள கடிதங்களும். வடக்கிலிருந்து கொழும்பில் பெண்ணெடுத்தவரின் வீட்டில் வடக்கு விலாசமுள்ள கல்யாணக் கடிதம் ஒன்று கிடக்கலாம். மூன்றாவது, தெருப்படம். ஒரு பெரிய தாளில் தெருவை வரைந்து, நாலைந்து மூத்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். "முடக்கு வீடு ஆருட? அதுக்கடுத்தது? அந்தக் கிணறு ஆருட வளவுக்குள்ள?" ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்காரரின் பெயரோடு விடாமல் "அந்த வீடு ஆருக்குச் சீதனமா வந்த?" என்றும் கேளுங்கள். ஒரே மாலையில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர் வரும். 1990இல் முப்பத்தைந்து வயதிலிருந்தவர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார். அலுவலகப் புத்தகம் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். இந்தத் தெருப்படம் காத்திருக்காது.

எழுதும்போது சில ஒழுங்குகள்

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். "சாச்சி சொன்னா" என்பதும் மூலம்தான். ஆனால் அது "இறப்புப் பத்திரம்" என்பதோடு கலந்துவிடக் கூடாது. இரண்டு மூலம் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை அழித்தால் பின்னால் வருகிறவர் எதையும் சரிபார்க்க முடியாது.

எந்த அலுவலகமும் பதியாத ஓர் உறவு எங்களிடம் உண்டு. அதுதான் பால்குடி உறவு. இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைக்கு அவள் பால் உம்மா. அவளுடைய பிள்ளைகள் சகோதரர். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே வளவில் சகோதரிகள் பிள்ளை பெற்று வளர்த்த காலத்தில் இது சாதாரணமாக நடந்தது. கேட்டவர்கள் மௌத்தாகிவிட்டால் இது தெரியவே வராது. பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது பிரச்சினையாகும். மூத்த பெண்களிடம் கேட்கும் கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது தலாக், இரண்டாவது கல்யாணம், எடுத்து வளர்த்த பிள்ளை, மதம் மாறி வந்த மூதாதை, பங்கு கிடைக்காத சகோதரி என்று பலதும் வெளிவரும். உயிரோடு இருப்பவரைப் பற்றிய எதையும் அவரைக் கேட்காமல் அச்சிடவோ குடும்பக் குழுக்களில் போடவோ கூடாது. ஆனால் கொப்பியிலிருந்து அழிக்கவும் கூடாது. வம்சாவழியை மினுக்குவதற்காக ஒரு பெண்ணின் பெயரை வெட்டிவிட்டால், அவளுடைய பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்று எழுதுவது? நஸபைப் பெருமைக்காகத் தேடுபவருக்குத்தான் இந்த வெட்டுக்கொத்து தேவைப்படும். யார் யார் எங்கட சொந்தம், யாரோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்று அறிவதற்காகத் தேடுபவருக்குத் தேவைப்படாது.

தொடங்குவதற்கு ஒரு சிஆர் கொப்பி போதும். முதற் பக்கத்தில் வாப்பாவின் பெயரை எழுதாமல் உம்மாவின் பெயரை எழுதுங்கள். அதற்கு மேல் அவளுடைய உம்மா, அவளுக்கு மேல் அவளுடைய உம்மா என்று எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனை நிற்கிறதோ, அந்தப் பெண் பிறந்த வீடு எது, அவளுக்கு வலீ நின்றது யார், அவள் அடங்கியிருப்பது எங்கே என்ற மூன்று கேள்விகளோடு வேலையைத் தொடங்கலாம்.